மூன்று டொலர்ப் புத்தகம்: இணையமும் தரவுத்தளமும் கற்க எந்நூலை நாடுவது?

மெல்பேர்ணின் தென்கிழக்கே, டண்டினோங் பகுதியில் இரவுநேரத் தொழிற்சாலை வேலை செய்யும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எம்மைத் தேடி வந்தார். கையிலே தலையணை போன்ற ஒரு புத்தகம். ஒப் ஷொப் எனப்படும் தருமக் கடையொன்றில் மூன்று டொலர் கொடுத்து வாங்கியது. இணையத்தளங்களுக்கான செய்நிரல் எழுதுவதையும் தரவுத்தளம் அமைப்பதையும் கற்பிக்கும் நூல். எண்ணூறு பக்கங்களுக்கு மேல். அச்சான ஆண்டு 2002.

"சேர், புத்தகத்தில இருக்கிற மாதிரியே ஒரு எழுத்தும் பிசகாமல் அடிச்சுப் பார்த்தன். வேலை செய்யேல்லை. மூண்டு கிழமை. வேலையால வந்து நித்திரை கொள்ளாமல் இருந்து பார்த்தன். எனக்குத்தான் மூளை இல்லையோ எண்டு நினைச்சன்."

அவருக்கு மூளை இல்லாமற் போகவில்லை. புத்தகத்திலும் பிழையில்லை. அது அச்சான காலத்திற் சரியாகவே இருந்தது. அவர் தட்டிய கட்டளைகளை இன்றைய கணினி அறியாது, அவ்வளவுதான். ஆயினும் இந்தச் சிறிய உண்மையை அறியாமையால் ஒரு மனிதர் மூன்று வார நித்திரையை இழந்தார், தன்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் ஓரளவு இழந்தார். படகில் 2012ஆம் ஆண்டு வந்தவர் அவர். புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டவர் பட்டியலில் இருந்தமையால், தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தபோதும் அது அவருக்குத் திறக்கவில்லை. முதுகு வலிக்கிறது, பாரம் தூக்கும் வேலையை இனி நெடுநாள் செய்யவியலாது என்கிறார். இத்தகைய ஒருவருக்கு மூன்று வாரம் சிறிய இழப்பன்று.

இதே கேள்வியுடன் சிட்னியிலிருந்தும், குறிப்பாக வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில் பகுதிகளிலிருந்தும் வாசகர் சிலர் எமக்கு எழுதியுள்ளனர். சிலர் தமக்காகக் கேட்கின்றனர். சிலர் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்காக. நாம் பல்கலைக்கழகத்தில் கற்பித்தது கணினியியலன்று, புள்ளிவிபரவியல். எனினும் அட்டவணைகளோடும் எண்களோடும் வாழ்ந்த பழக்கமும், ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டபின் ஒரே நூலின் போட்டோப்பிரதியை நாற்பது மாணவர் சுற்றுமுறையிற் படித்த அனுபவமும் எமக்குண்டு. நூல் அரிதாகும்போதுதான் எந்த நூல் என்ற கேள்வி கூர்மையடைகிறது.

மெல்பேர்ண் எழுதிய நூல்கள்

சுவான்ஸ்டன் வீதியில் விக்ரோறிய மாநில நூலகம் இருக்கிறது. 1913இல் திறக்கப்பட்ட குவிமாட வாசிகசாலையைக் காணாத மெல்பேர்ண் தமிழர் குறைவு. காண்பதற்கேனும் ஒருமுறை போய்வாருங்கள். அந்நூலகத்தின் வடபுறம் லாற்றோப் வீதியைக் கடந்தால் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம். இவ்விரு கட்டடங்களுக்கும் இடையிலுள்ள ஒரு வீதியகலத்தில் எமது கேள்வியின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்றாற் பலர் வியக்கக்கூடும்.

2001ஆம் ஆண்டு லூக் வெலிங், லோறா தொம்சன் என்னும் இருவர் எழுதிய 'பி.எச்.பி. அண்ட் மை எஸ்.கியூ.எல். வெப் டெவலப்மென்ற்' என்ற நூல் வெளியாயிற்று. இருவரும் அக்காலத்தில் ஆர்.எம்.ஐ.ரி.யில் விரிவுரை நிகழ்த்தியவர்கள். அடுத்த ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூ வில்லியம்சும் டேவிட் லேனும் எழுதிய 'வெப் டேற்றாபேஸ் அப்ளிக்கேஷன்ஸ்' ஓறைலி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. 2006இல் வில்லியம்ஸ், சயீட் தஹாகோகி என்னும் சக ஆசிரியருடன் சேர்ந்து 'லேர்னிங் மை எஸ்.கியூ.எல்.' எழுதினார். இணையத்தளத்தின் பின்னே ஒரு தரவுத்தளத்தை எவ்வாறு இயக்குவது என்பதை ஆங்கிலத்திற் கற்ற ஒரு தலைமுறைக்கு இம்மூன்று நூல்களும் பாடநூல்களாயின. மெல்பேர்ண் நகரில் அதற்கு முன்னரே ஒரு மரபு இருந்தது. பெருந்தொகையான ஆவணங்களைச் சுருக்கிச் சேமித்துத் தேடும் முறையை விளக்கும் 'மனேஜிங் கிகாபைற்ஸ்' என்ற 1994ஆம் ஆண்டு நூலின் மூன்று ஆசிரியர்களுள் ஒருவரான அலிஸ்ரெயர் மொஃபற் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தவரே.

வெலிங், தொம்சன் நூலின் சிறப்பு அதன் எளிமை. 'பொப்' என்பவரின் வாகன உதிரிப்பாகக் கடையிலே ஒரு கொள்வனவுப் படிவத்துடன் பாடம் தொடங்கும். ரயர் எத்தனை, எண்ணெய் எத்தனை, ஸ்பார்க் பிளக் எத்தனை என்று வாடிக்கையாளர் நிரப்ப, கணினி கூட்டிச் சொல்லும். பின்னர் ஒரு புத்தகக் கடை. வில்லியம்ஸ், லேன் நூலிலோ ஆசிரியர் இருவரும் தமது பெயரிலேயே ஒரு வைன் கடையைக் கற்பனையாக நடத்துவர். நூல் முழுவதும் அந்த ஒரே கடைதான். முதற் பக்கத்தில் தொடங்கிய ஒன்றை இறுதிவரை கட்டியெழுப்பும் நூல், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு துண்டு உதாரணம் காட்டும் நூலிலும் மேலானது என்பது எமது கருத்து. மாணவனுக்கு ஒரு வீடு கட்டிப் பார்க்கவேண்டும். கதவுகள் மட்டும் செய்து பழகியவன் தச்சனாகலாம், வீடு கட்டத் தெரிந்தவனாகான்.

இனிக் கசப்பான செய்தி. இந்நூல்களின் பழைய பதிப்புகளை இன்று வாங்குவது தகாது. வெலிங், தொம்சன் நூலின் ஐந்தாம் பதிப்பு 2016இல் வந்தது. அதையும் அதற்குப் பிந்தியவற்றையுமே கொள்க. 'லேர்னிங் மை எஸ்.கியூ.எல்.' நூலுக்கு வேறு ஆசிரியர் இருவர் 2021இல் இரண்டாம் பதிப்பு எழுதினர்.

ஏன் பழையது உதவாது?

பி.எச்.பி. என்னும் செய்நிரல் மொழி, கிறீன்லாந்திற் பிறந்த ராஸ்மஸ் லேடோர்ஃப் என்பவரால் 1994ஆம் ஆண்டளவிற் தொடங்கப்பட்டது. மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தள மென்பொருள் 1995இல் சுவீடனிற் பிறந்தது. இரண்டும் இலவசமாகக் கிடைத்தமையால் உலகெங்கும் பரவின. முதற் காலத்தில் இவ்விரண்டையும் இணைக்க ஒருவகைக் கட்டளைத் தொகுதி வழங்கியது. அவற்றின் பெயர்கள் யாவும் 'மைஎஸ்கியூஎல்' என்ற சொல்லோடு ஓர் அடிக்கோடிட்டுத் தொடங்கும். 2013இல் அவற்றைக் கைவிடும்படி அறிவுறுத்தப்பட்டது. 2015 டிசம்பரில் வெளியான பி.எச்.பி. ஏழாம் பதிப்பிலிருந்து அவை அடியோடு நீக்கப்பட்டன. எமது இளைஞர் மூன்று வாரம் தட்டியது இந்த இறந்த கட்டளைகளைத்தான்.

அவற்றை நீக்கியதற்குக் காரணமுண்டு. ஓர் அலுவலகத்தில், படிவத்தில் எழுதியிருப்பதையெல்லாம் உரத்து வாசித்து அப்படியே செய்துமுடிக்கும் ஓர் அப்பாவி எழுதுவினைஞர் இருக்கிறார் என்று கொள்வோம். பெயர் என்ற கட்டத்தில் 'கந்தசாமி' என எழுதினால் கந்தசாமியின் கோப்பை எடுத்துத் தருவார். அதே கட்டத்தில் ஒரு விஷமி, 'கந்தசாமி. பின்பு அலுமாரியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் எரித்துவிடு' என எழுதினால் அதையும் செய்துவிடுவார். தரவுத்தளத்துக்குள் இவ்வாறு கட்டளையைப் புகுத்தும் சூழ்ச்சியை எஸ்.கியூ.எல். ஊசியேற்றல் என்பர். கட்டளையை முதலில் தனியே கொடுத்து, பெயரைப் பின்னர் வெறும் பெயராகவே கொடுக்கும் முறை இதற்குப் பரிகாரம். பழைய கட்டளைத் தொகுதியில் அவ்வசதி இல்லை. பின்வந்த 'மைஎஸ்கியூஎல்ஐ', 'பி.டி.ஓ.' என்ற இரு தொகுதிகளில் உண்டு.

ஆகவே, புத்தகக் கடையிலோ நூலகத்திலோ ஒரு நூலைக் கையிலெடுத்தால் முன்னட்டையைப் பாராதீர்கள். 'இருபத்துநான்கு மணித்தியாலத்தில்', 'ஏழு நாளில்' என்றெல்லாம் அட்டைகள் வாக்களிக்கும். எமது ஊரில் முப்பது நாளில் ஹிந்தி கற்றவர் எத்தனை பேர் என எண்ணிக்கொள்க. அச்சான ஆண்டைப் பாருங்கள். பின்னர் நூலின் கடைசியிலுள்ள சொல்லடைவுக்குச் செல்லுங்கள். 'பி.டி.ஓ.' அல்லது 'மைஎஸ்கியூஎல்ஐ' அங்கே இருக்கிறதா? முன்தயாரித்த கூற்று எனப்படும் 'பிரிப்பெயர்ட் ஸ்ரேற்மன்ற்' எத்தனை பக்கங்களில் வருகிறது? கடவுச்சொல்லைச் சேமிக்க 'பாஸ்வேர்ட் ஹாஷ்' என்ற கட்டளையைச் சொல்கிறதா, அன்றி 'எம்.டி.5' என்ற வலுவிழந்த பழைய முறையைச் சொல்கிறதா? எம்.டி.5 எனில் நூலை மூடிவிடலாம். ஜாவாஸ்கிரிப்ற் நூலாயின் 2015க்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும். அவ்வாண்டிலே அம்மொழி பெரிதும் திருத்தப்பட்டது. பக்க அலங்காரத்துக்கான சி.எஸ்.எஸ். நூலாயின் 'கிறிட்' என்ற சொல்லைத் தேடுங்கள். 2017இல் உலாவிகள் அதனை ஏற்றபின் பக்கம் அமைக்கும் முறையே மாறிவிட்டது.

ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் நிலையிலுள்ளோருக்கு ஜோன் டக்கெற் எழுதிய நூல்களை முதலிற் கூறுவோம். எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பற்றிய அவரது 2011ஆம் ஆண்டு நூல் படங்களாலும் நிறங்களாலும் பேசுவது. பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வசனங்களே வருவனவும் உண்டு. 'கிறிட்' அதில் இல்லை என்பதை மனங்கொண்டு முதல் மாதத்துக்கு மட்டும் அதை வைத்திருங்கள். பி.எச்.பி., மை எஸ்.கியூ.எல். பற்றி அதே ஆசிரியர் 2022இல் வெளியிட்ட நூல் இன்றைய முறைகளைச் சொல்வது. ஜாவாஸ்கிரிப்ற் கற்க மரைன் ஹாவர்பேக் எழுதிய 'எலொக்குவென்ற் ஜாவாஸ்கிரிப்ற்' சிறந்தது. அதன் நான்காம் பதிப்பு 2024இல் வந்தது. இணையத்தில் ஆசிரியரே இலவசமாக வாசிக்க விட்டிருக்கிறார். ஆனால் அது எளிய நூலன்று. மூன்றாம் அத்தியாயத்திற் பலர் களைத்துப்போவர். களைத்தால் ஒரு மாதம் விட்டுத் திரும்பவும் வாருங்கள், வெட்கமில்லை. பைதன் வழியே தொடங்க விரும்புவோர்க்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் செவரன்ஸ் எழுதிய 'பைதன் ஃபோர் எவ்ரிபொடி' இலவசம். தரவுத்தளத்தையும் அது தொட்டுச் செல்கிறது.

தரவுத்தள நூல் வேறு சாதி

இணையச் செய்நிரல் நூல்கள் மீன்போல, வாங்கிய அன்றே சமைக்கவேண்டும். தரவுத்தள நூல்கள் கருவாடு. ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் என்பவர் தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றிடையேயான தொடர்புகளாகவும் அமைக்கும் கோட்பாட்டை 1970இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1974இல் அதே நிறுவனத்துச் சம்பலினும் பொய்சும் அதற்கொரு வினாமொழி வகுத்தனர், அதுவே எஸ்.கியூ.எல். ஆகியது. அரை நூற்றாண்டு கடந்தும் அடித்தளம் மாறவில்லை. எனவே இத்துறையிற் பழைய பதிப்பை மலிவாக வாங்கலாம். அலன் போலியூ எழுதிய 'லேர்னிங் எஸ்.கியூ.எல்.' தொடக்கநிலைக்குப் போதுமானது.

ஆயினும் எமக்கு மிகவும் பிடித்தது மைக்கேல் ஹெர்னாண்டஸ் எழுதிய 'டேற்றாபேஸ் டிசைன் ஃபோர் மியர் மோர்ற்றல்ஸ்'. 1997இல் முதலில் வந்து, 2020இல் நான்காம் பதிப்புக் கண்டது. இந்நூலைப் படிக்கக் கணினியே வேண்டியதில்லை. கடதாசியும் பென்சிலும் போதும். ஒரு நிறுவனம் எவற்றைப் பதிவு செய்கிறது, எதனை எந்த அட்டவணையில் வைப்பது, ஒன்றை இன்னொன்றோடு எதனாற் கட்டுவது என்பவற்றை மட்டுமே அது கேட்கும். மடிக்கணினி இல்லாத வாசகர்கள், வேலையிடத்துத் தேநீர் இடைவேளையிற் படிக்கும் வாசகர்கள், இதிலிருந்து தொடங்கலாம்.

அட்டவணையை எவ்வாறு வகுப்பது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. இந்நாட்டில் அதனை அகதிகளை விட நன்கறிந்தோர் இலர். எமது சொந்தக் கதையொன்று. வந்த புதிதில் ஓர் அலுவலகம் எமது தந்தையாரின் பெயரை எமது பெயராகவும், எமது பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்தது. மனைவிக்கு அவரது தந்தையின் பெயர் குடும்பப் பெயராயிற்று. பிள்ளைக்கு எமது பெயர். ஒரே வீட்டில் வாழும் மூவர் கணினியில் இரண்டு குடும்பங்களாயினர். இதனை நேராக்க எமக்குப் பதினான்கு மாதங்களும் இரண்டு சத்தியக்கடதாசிகளும் தேவைப்பட்டன. அந்த அலுவலகத்து உத்தியோகத்தர் நல்லவர். அவரது திரையில் இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. எல்லா மனிதருக்கும் முதற்பெயரும் குடும்பப்பெயரும் உண்டு என்று எண்ணிய யாரோ ஒருவர் அக்கட்டங்களை வகுத்திருந்தார். ஒரு தரவுத்தள நூலின் முதல் உதாரணத்திலேயே 'முதற்பெயர், இறுதிப்பெயர்' என இரு நிரல்கள் வந்து, அதைப்பற்றி ஆசிரியர் ஒரு வரியேனும் யோசிக்காமற் செல்வாராயின் நாம் அந்நூலைச் சற்று ஐயத்துடனேயே தொடர்ந்து வாசிப்போம்.

பிறந்த திகதியும் அவ்வாறே. திகதி அறியாத அகதிகளுக்கு ஜனவரி 1 என எழுதிவிடும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. அறியாமை வேறு, ஜனவரி 1 வேறு. தரவுத்தளத்தில் அறியப்படாததைக் குறிக்க 'நல்' எனும் வெறுமைக் குறி இருக்கிறது. அது பூச்சியமுமன்று, வெற்றெழுத்துமன்று. 'நல்' பற்றி ஒரு முழு அத்தியாயமாவது எழுதியிருக்கும் நூலாசிரியர் தனது தொழிலை அறிந்தவர்.

2014இல் நடந்த ஒன்றையும் இங்கு கூறியாகவேண்டும். அவ்வாண்டு பெப்ரவரி 10ஆம் திகதி, அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் தடுப்பு முகாம்கள் பற்றிய மாதாந்தப் புள்ளிவிபர அறிக்கையைத் தனது இணையத்தளத்தில் வெளியிட்டது. அறிக்கையிற் கண்ணுக்குத் தெரிந்தவை வரைபடங்களும் மொத்தத் தொகைகளும் மட்டுமே. ஆனால் அவ்வரைபடங்களை வேறொரு மென்பொருளிலிருந்து வெட்டி ஒட்டியபோது, அவற்றின் பின்னாலிருந்த முழு அட்டவணையும் கோப்பினுள்ளே சேர்ந்துவிட்டது. தடுப்பிலிருந்த ஏறத்தாழ 9,250 பேரின் பெயர், பிறந்த திகதி, நாடு, தடுத்துவைக்கப்பட்ட இடம், படகில் வந்த விபரம் யாவும் அதில் இருந்தன. 'கார்டியன்' பத்திரிகையின் அவுஸ்திரேலியப் பதிப்பு அதனை வெளிப்படுத்தும்வரை ஒரு வாரத்துக்கு மேலாக அக்கோப்பு எவரும் எடுக்கக்கூடியதாகக் கிடந்தது. அக்காலத்து முகாம்களில் எம்மவர் பலர் இருந்தமை வாசகர் அறிந்ததே. தாம் எவரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரே தமது பெயரைக் கண்டிருக்கலாம் என்ற அச்சத்துடன் அவர்கள் உறங்கினர். 2021 ஜனவரியில், முறையீடு செய்திருந்த 1,297 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தகவல் ஆணையாளர் அலுவலகம் தீர்மானித்தது.

எவரும் கணினியை உடைத்துப் புகவில்லை, திருடனில்லை. ஓர் அலுவலர் ஒரு வரைபடத்தை ஒட்டினார். மொத்தத்தைக் காட்டவேண்டிய இடத்தில் தனிமனிதரின் வரிசைகள் உடன்சென்றன. எவர் எதனைப் பார்க்கலாம் என்பதைத் தரவுத்தளத்துள்ளேயே வரையறுக்க வழிகளுண்டு. தொகைகளை மட்டும் காட்டும் 'வியூ' எனப்படும் தோற்ற அட்டவணைகள் உண்டு. அனுமதி வழங்கும் 'கிறான்ற்' என்ற கட்டளை உண்டு. தொடக்கநிலை நூல்கள் பலவற்றில் இவை கடைசி அத்தியாயத்தில் இரண்டு பக்கங்களாக ஒடுங்கிக் கிடக்கும், அல்லது இரா. அவ்விரு பக்கங்களையும் முதலில் வாசியுங்கள். நீங்கள் நாளை பதியப்போகும் பெயர்களும் யாரோ ஒருவரின் உயிரோடு தொடர்புடையனவாக இருக்கலாம்.

தமிழுக்கு ஒரு பரீட்சை

எந்த நூலையும் சோதிக்க எம்மிடம் ஒரு சொந்தமான உரைகல் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பான் அரிச்சுவடிப் பிள்ளை. ஜாவாஸ்கிரிப்ற் ஐந்து என்கும். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால். பி.எச்.பி.யின் சாதாரண நீளக் கட்டளையோ பதினைந்து என்கும்; ஒவ்வொரு குறியும் மூன்று பைற் இடம் பிடிப்பதால். மூன்று என விடை பெற வேறு கட்டளை இருக்கிறது. இவ்வேறுபாட்டை விளக்காத நூலைப் பின்பற்றித் தமிழ்ப் பெயர்களைச் சேமித்தால், பெயர் நடுவே வெட்டுண்டு போகலாம். மை எஸ்.கியூ.எல்.இன் மிகப் பழைய நூல்களைப் பின்பற்றினாலோ பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளின் வரிசையே மிஞ்சும். அக்காலத்தில் அதன் இயல்பான எழுத்துத்தொகுதி மேலைத்தேய எழுத்துகளுக்கானது. 'யு.ரி.எஃப்.8.எம்.பி.4' என்ற தொகுதி 2018இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே இயல்பாயிற்று. சொல்லடைவில் இப்பெயரையும் தேடுங்கள்.

அகரவரிசையும் இடறும். கணினியின் ஒருங்குறி வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கிறது. எமது நெடுங்கணக்கில் அது கடைசி. வரிசைமுறையைக் குறிப்பிடாவிட்டால் உங்கள் பட்டியலைப் பார்த்து எந்தத் தமிழாசிரியரும் நெற்றியைச் சுருக்குவார்.

தமிழில் நூல்கள் இல்லையோ எனக் கேட்பவருக்கு: உண்டு. தமிழ்நாட்டின் கணியம் குழுவினர் 2012 முதல் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மை எஸ்.கியூ.எல்.' மின்னூலாக இலவசமாய்க் கிடைக்கிறது. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் 10ஆம், 11ஆம் தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல்களிலும் தரவுத்தளம் பற்றிய பாடம் தமிழில் உண்டு. கருத்தை முதலில் தமிழிற் பிடித்துக்கொண்டு பின்னர் ஆங்கில நூலுக்குச் செல்வதே எமது பரிந்துரை. வேலைக்கான நேர்முகத்தில் ஆங்கிலச் சொற்களையே கேட்பார்கள் என்பது உண்மை; ஆனாற் கருத்து விளங்கியவருக்குச் சொல் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஒரு செய்தியைச் சொல்லாதிருக்க மனமில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேர்த்துவருகிறது. அது இயங்கும் மீடியாவிக்கி என்ற மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியாவும் இயங்கும் அதே மென்பொருள், பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. மூன்று டொலர்ப் புத்தகம் கற்பிக்க முயன்ற அதே மொழிதான்.

பணம் இல்லாமல்

புதிய நூலொன்றின் விலை எழுபது டொலரைத் தாண்டுவது வழக்கம். வாங்காதீர்கள். உள்ளூர் நகரசபை நூலகத்தில் அங்கத்துவம் இலவசம். வதிவிட முகவரிக்கு ஓர் அத்தாட்சி கேட்பார்கள். வேண்டிய நூல் அங்கே இல்லையெனின் 'ட்ரோவ்' என்ற தேசிய நூலகப் பட்டியலிற் தேடினால் எந்த நூலகத்தில் உண்டெனக் காட்டும். நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையில் வரவழைக்கக் கேட்கலாம். வாங்கும்படி நூலகருக்குப் பரிந்துரைக்கவும் பல நூலகங்களில் வழியுண்டு. கேட்கக் கூச்சப்படுகிறோம் நாம். கேட்பவரைக் கண்டால் மகிழ்பவர்கள் இந்நாட்டு நூலகர்கள். பாடநெறியொன்றிற் சேர எண்ணுவோர் மட்டும் அவதானிக்க: சில விசாக்களில் கல்விக்குத் தடை விதிக்கும் நிபந்தனை உண்டு. பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோரிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கேட்பதும் வழக்கம், புலமைப்பரிசில் கிடைத்தாலன்றி. விசாக் கடிதத்தை ஒரு சட்ட உதவியாளரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் செய்நிரலை நொடியில் எழுதித் தருகிறதே, நூல் எதற்கு என்று எமது மகனே கேட்கிறான். தருகிறது. அது தருவதிற் பிழையிருந்தால் எவ்வாறு அறிவாய் என்றோம். இன்னும் விடை வரவில்லை.

இளைஞரிடம் மூன்று டொலர்ப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஹெர்னாண்டசின் நூலை நூலகத்திலிருந்து எடுக்கச் சொன்னோம். வார இறுதித் தமிழ்ப் பாடசாலையொன்றின் அலுமாரியில் நானூறு புத்தகங்கள் பட்டியலின்றிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஒரு தரவுத்தளம் அமைத்துப் பாரும் என்றோம். நூல், ஆசிரியர், இரவல், வாசகர் என நான்கு அட்டவணைகளைக் கட்டக் கொப்பியில் வரைந்துகொண்டு கடந்த ஞாயிறு வந்தார். ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர் வரும்போது என்ன செய்வது என்பதைத் தானே யோசித்து ஐந்தாவது அட்டவணையொன்றைச் சேர்த்திருந்தார். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சேர், பதினேழு புத்தகத்துக்கு முன்பக்கம் கிழிஞ்சு போச்சு. ஆர் எழுதினது எண்டே தெரியேல்லை. அந்தக் கட்டத்தில என்ன போடுறது?"

"ஒண்டும் போடாதையும் தம்பி. வெறுமையா விடும். தெரிஞ்ச ஆரும் வந்து சொல்லட்டும்."

தலையாட்டிவிட்டு இரவு வேலைக்குப் புறப்பட்டார்.